நான்காவது ரீல்

காலையில் கிளம்பும்போதே தங்கச்சி வாசலில் நின்று உத்தரவு போட்டாள். அவளுக்கு நிறைமாதம்.

"அண்ணா, சாயங்காலம் டாக்டர்கிட்ட போகணும். இவரை நேரத்தோட வீட்டுக்குக் கூட்டிட்டு வா. வேலை வேலைன்னு உக்காந்துட்டா எழுந்திருக்க மாட்டார்."

"உங்க அண்ணனை நம்பி என்னை ஒப்படைக்கிறியா? விளங்கிடும்," என்றார் மாப்பிள்ளை. நானும் அவரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்க்கிறோம்.

கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறை. விளக்கை அணைத்தால் பகலிலும் கும்மிருட்டு. ஏசியின் ரீங்காரமும் சூடான ஹார்ட் டிஸ்க்குகளின் வாடையும் எப்போதும் இருக்கும். தயாரிப்பாளர் அனுப்பும் படத்தைப் பிரதி எடுத்துத் தியேட்டர்களுக்கு அனுப்புவது எங்கள் வேலை. ஒவ்வொரு ரீலுக்கும் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண் உண்டு. பிரதியில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். சரிபார்க்கும் மென்பொருள் மூலத்தின் எண்ணையும் பிரதியின் எண்ணையும் ஒப்பிடும். சரியென்றால் பச்சைக் கோடு நகரும், தப்பென்றால் சிவந்து நின்றுவிடும்.

அன்று நான்காவது ரீல் சிவந்தது. டிஸ்க்கை மாற்றினோம், கேபிளை மாற்றினோம். மறுபடியும் சிவப்பு.

"மூலம் நல்லாத்தான் இருக்கு மாப்ள. பிரதியிலதான் என்னமோ மாறுது. திறந்து பாத்துடலாம்."

"உக்காந்து படம் பாக்க இதுவா நேரம்? சிறப்புக் காட்சின்னு தியேட்டர்காரங்க உயிரை எடுக்கறாங்க."

பொறுமைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். எங்கள் தொழிலில் செய்யவே கூடாத காரியத்தை அவர் செய்தார். பிரதியின் எண்ணையே உண்மையான எண்ணாக மாற்றிப் பதிந்துவிட்டார். திருடனின் கைரேகையை வீட்டுக்காரருடையது என்று எழுதிவைப்பது போன்றது அது.

"தப்பு மாப்ள."

"யாருக்குத் தெரியப்போகுது மச்சான்?"

முதல் டிஸ்க்கை அப்படியே தியேட்டருக்கு அனுப்பிவிட்டார். இரண்டாவது டிஸ்க் தயாராக மதியம் தாண்டிவிட்டது. அதற்குச் சரிபார்ப்பைத் தட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கையை மேசைமேல் நீட்டினார். மூன்று ரீல் வரை பச்சை.

எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்துத் திரையில் அந்த நான்காவது ரீலை ஓடவிட்டேன். மூலப்படத்தில் அது ஒரு கொலைக்காட்சி. பாழடைந்த கிடங்கில், நாற்காலியில் கட்டிப்போட்ட ஒருவனைச் சுத்தியலால் அடிப்பார்கள்.

பிரதியில் கிடங்கு இல்லை.

எங்கள் அறை இருந்தது. நாற்காலியில் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுத்தியலோடு ஒருவன்.

"மாப்ள…"

பச்சைக் கோடு நான்காவது ரீலுக்குள் நுழைந்தது.

டொக்.

மேசைமேல் இருந்த அவர் விரல்கள் தட்டையாகிப்போயின. நகங்கள் தெறித்தன. அவருக்குக் கத்தக்கூட வரவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் திரும்பினேன். யாருமில்லை.

டொக்.

தோள்பட்டை உள்ளே போயிற்று. எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. இப்போது கத்தினார். அந்த அலறலைக் கேட்டிருந்தால் தங்கச்சி செத்தே போயிருப்பாள். நான் பாய்ந்து கேபிளைப் பிடுங்கினேன்.

கோடு நின்றது. அடியும் நின்றது.

அவரைத் தரையில் கிடத்தி மடியில் தலையை வைத்துக்கொண்டேன். அறை முழுக்க ரத்த வாடை. மூச்சு இருந்தது.

"உசுரு இருக்குல்ல மச்சான்?" என்று முனகினார்.

"இருக்கு மாப்ள. ஒண்ணுமில்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் டிஸ்க் தியேட்டரில் இருக்கிறது. தியேட்டர் ஆபரேட்டருக்குப் போன் போட்டேன்.

"டிஸ்க் வந்துடுச்சு சார், சர்வர்ல ஏத்தியாச்சு," என்றார் அவர் உற்சாகமாக. "சரிபாக்காம ஓட்டாதீங்கன்னு உங்க மாப்பிள்ளை போன தடவை என்னா ஏச்சு ஏசினார்! அதான் இப்ப ஒழுங்கா சரிபாத்துட்டு இருக்கேன்."

"நிறுத்துங்க!"

"நாலாவது ரீலுக்குள்ள நுழைஞ்சிடுச்சு சார். பச்சைதான், பயப்படாதீங்க."

"பிளக்கைப் பிடுங்குய்யா!"

டொக்.

என் மடியிலேயே அவர் தாடை பிளந்தது.

டொக்.

குனிந்து அவரை மறைத்துக்கொண்டேன். என்மேல் எதுவும் படவில்லை. என் நெஞ்சுக்கடியில் அவர் மண்டை நொறுங்குவதை மட்டும் உணர்ந்தேன். கையால் அழுத்திப் பிடித்தேன். பிடிக்க எதுவுமே இல்லை.

ஆபரேட்டரின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "சார்… இப்பத்தான் ஓட்டிப் பாக்கறேன். நாற்காலி காலியா இருக்கு. ஒருத்தர் தரையில உக்காந்து யாரையோ கட்டிப்பிடிச்சிட்டு இருக்கார். வலது கைல போன்."

"அழிச்சிடுங்க!"

"சுத்தியல் வச்சிருக்கறவன் அவர் பக்கத்துல குனியறான் சார்…"

டொக்.

இதை இடது கையால்தான் எழுதுகிறேன். ஆபரேட்டர் அந்த ரீலை அந்த நொடியே அழித்ததால் என் உயிர் போகாமல் கையோடு போயிற்று. வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். தங்கச்சிக்குப் பையன் பிறந்திருக்கிறான். அவள் என் முகத்தில் விழிப்பதில்லை. சுத்தியல் யார் கையில் இருந்தது என்று போலீஸ் கேட்டபோது, அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

எங்களிடமிருந்த பிரதிகளை எரித்தார்கள். தியேட்டர்காரர்கள் டிஸ்க்கை உடைத்து, சர்வரையும் கழற்றி நொறுக்கிப்போட்டார்கள். நேற்று அங்கே புதுச் சர்வர் மாட்டியிருக்கிறார்கள்.

இன்று காலை ஆபரேட்டர் போன் செய்தார்.

"சார்," என்றார், "இன்னும் ஒரு படம்கூட ஏத்தல. பச்சைக் கோடு மட்டும் நகந்துட்டே இருக்கு."