கடைசிப் பெட்டி

சாம்பல் சட்டைக்காரரின் விரல் ஓர் இடத்தில்கூடத் தாளம் தப்பவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

நகர ரயில் பயணத்தைப் பற்றி ஏழு நிமிட ஆவணப்படம். ஒளிப்பதிவு தம்பி, படத்தொகுப்பு அக்காவான அவள். பேச்சு கிடையாது, ஜாஸ் இசை மட்டும். சாக்ஸபோனும் டிரம்ஸும் நேற்றுதான் பதிவாகி வந்திருந்தன. படம் பிடித்ததோ போன வாரம். திரையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் நேற்றைய இசைக்குப் போன வாரமே முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

தற்செயலாக இருக்கும் என்று இசையை அரை நொடி தள்ளிவைத்தாள். விரலும் அரை நொடி தள்ளி விழுந்தது.

மதியம் மூன்று மணி வெயிலின் ஒரு கீற்றுகூட நுழையாதபடி கறுப்புத் துணியால் மூடிய அந்தச் சின்ன அறையில், ஏசியின் ஈரவாடையும் ஆறிப்போன காபியின் கசப்பும் மூக்கில் ஏற, இசையை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிட்டாள். பெட்டி குலுங்கியது, கைப்பிடிகள் ஆடின. அவர் விரல் மட்டும் அந்தரத்தில் நின்றது.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், ஜன்னலோரமா சாம்பல் சட்டை போட்டு உட்கார்ந்திருக்காரே, யாருடா அது?"

"எந்த ஷாட்டுக்கா?"

"கடைசிப் பெட்டி. ஞாயித்துக்கிழமை எடுத்தியே."

"அதுல ஆளே கிடையாதே. காலிப் பெட்டிதான் வேணும்னு நீதானே என் உயிரை வாங்கின?" சிரித்தான். "முதல்ல உன் கண்ணாடியை மாத்து. இப்பவும் அதே பெட்டிலதான் இருக்கேன். ஒரே ஒரு ஷாட் பாக்கி."

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ஈ காக்கா இல்ல."

திரையில், சாம்பல் சட்டைக்காரருக்குப் பக்கத்தில் இதுவரை காலியாக இருந்த இருக்கையில், காதில் போனும் மடியில் கேமராவுமாகத் தம்பி உட்கார்ந்திருந்தான்.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடு."

"ஏன்க்கா, குரலே ஒரு மாதிரி..."

"கேள்வி கேக்காதே. இறங்குடா!"

"சரி, சரி. இந்தச் சுரங்கம் தாண்டினா ஸ்டேஷன்தான்."

திரையில் அவன் உதடுகள் அதே வார்த்தைகளைச் சொல்லி முடித்தன. பக்கத்திலிருந்தவர் மெல்லத் தலையைத் திருப்பி, துணிக்கடையில் சட்டை பார்ப்பவரைப்போல, அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அக்கா, அந்த மியூசிக்கை நிறுத்தேன். காது அடைக்குது."

அறையில் இசை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

போன் துண்டிக்கப்பட்டது. திரை கறுத்தது. சுரங்கம்.

பத்து நொடி. இருபது. நாற்பது.

வெளிச்சம்.

ஸ்டேஷன். கதவு திறந்தது. இறங்கியவர் சாம்பல் சட்டைக்காரர். தோளில் தம்பியின் கேமரா. பிளாட்பாரக் கூட்டத்தில் அவசரமில்லாமல் கலந்தார்.

கதவு மூடியது.

மூடிய கதவின் கண்ணாடியைத் தம்பி இரண்டு கைகளாலும் அறைந்துகொண்டிருந்தான். ஒலியை முழுக்கத் திருகினாள். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த அவன் வாய் திறந்து திறந்து மூடியது.

ரயில் நகர்ந்தது.