பேர் வர்ற வரைக்கும்

கார் ஸ்டீரியோவுக்குள் டிஸ்க்கைத் தள்ளினால் அது முதலில் கிர்ரென்று முனகும், அப்புறம் திரையில் 'ரீடிங்' என்று எழுத்து ஓடும், கடைசியில் 'எர்ரர்' என்று வந்து நிற்கும். இந்தத் தடவை ரீடிங்கோடு நின்றுவிட்டது. எர்ரரும் வரவில்லை, பாட்டும் வரவில்லை. பேசப் போகிற ஆள் மைக்கை ஊதிப் பார்ப்பது போல ஒரு காற்றுச் சத்தம் மட்டும் ஸ்பீக்கரிலிருந்து வந்து அடங்கியது.

"எழவெடுத்த பொட்டி," என்று பல்லைக் கடித்தான் ஸுஹைர்.

காரை ஓரங்கட்டி அதனோடு மல்லுக்கட்ட ஆரம்பித்து ரொம்ப நேரமாகிவிட்டது. அரிச்சல்முனையிலிருந்து திரும்பிய வேன்களும் ஜீப்புகளும் ஒவ்வொன்றாக அவனைத் தாண்டி ராமேஸ்வரம் பக்கம் போய்விட்டன. பொழுது சாய்வதற்குள் தனுஷ்கோடியை விட்டு எல்லா வண்டியும் வெளியேறிவிட வேண்டும் என்பது போலீஸ் கண்டிப்பு. வெளிச்சம் மஞ்சளிலிருந்து சாம்பலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல் படிந்த தார் ரோடு, அதில் இவன் கார் ஒன்றுதான்.

"இன்னும் வரலையா?" என்று பின்சீட்டிலிருந்து மகள் இஃப்ரா கேட்டாள்.

வாப்பா என்று சேர்த்துக் கேட்டிருந்தால் அவனுக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. இவள் தொட்டிலில் கிடந்தபோது வேலைக்காக சவூதியில் தம்மாமுக்கு விமானம் ஏறினவன், பள்ளிக்கூடம் போகிற வயசில்தான் நேரில் பார்க்கிறான். போனுக்குள் இருந்த முகம் வீட்டுக்குள் நடமாடுவதைப் பிள்ளை இன்னும் நம்பவில்லை. "ஒரு நாளு நீங்க மட்டும் தனியா கூட்டிட்டுப் போங்க, அப்பத்தான் ஒட்டும்," என்று மனைவி மாஷிதா சொல்லி அனுப்பினாள். நாள் முழுக்க அலையில் விளையாடவிட்டான், சங்குமாலை வாங்கிக் கொடுத்தான், பொரித்த மீன் வாங்கிக் கொடுத்தான். அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. காருக்குள் அவளுடைய பாட்டு பெருஞ்சத்தமாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூடச் செய்ய வக்கில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

வண்டி பழசு. கமுதியில் வீரபத்திரன் என்பவரிடம் வாங்கியது. ஏசி உண்டு, பவர் விண்டோ உண்டு, ஸ்டீரியோவில் மட்டும் பென்டிரைவ் செருக வழியில்லை, ப்ளூடூத் இல்லை, டிஸ்க் போட்டால்தான் வாயைத் திறக்கும். இந்தக் காலத்தில் டிஸ்க்குக்கு எங்கே போவது? ராமநாதபுரம் முழுக்கச் சுற்றி ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரனைப் பிடித்து, பிள்ளைக்குப் பிடித்த கார்ட்டூன் பாட்டையெல்லாம் எம்பி3 ஆக எழுதி வாங்கினான். "நல்லா அமுக்கிச் சுருக்கியிருக்கேண்ணே, ஒரே டிஸ்க்குல அம்புட்டும் அடங்கிருச்சு," என்றான் கடைக்காரன். அடங்கினதுதான் மிச்சம். கடையில் ஜோராகப் பாடிய டிஸ்க், காருக்குள் வந்ததும் ஊமையாகிவிட்டது. துடைத்துப் போட்டுப் பார்த்தான், திருப்பிப் போட்டுப் பார்த்தான், பாம்பன் பாலத்தில் டேஷ்போர்டை ஓங்கிக் குத்தியும் பார்த்தான். விரல்தான் வலித்தது.

இப்போது திரையில் ஒன்று என்ற எண் வந்தது. சத்தமும் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். மவுத்து அறிவிப்பு."

ஸுஹைரின் கை அப்படியே நின்றது. அவன் ஊரான பெரியபட்டினத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினாரின் குரல். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்குகிற அதே குரல். ஆனால் தண்ணிக்குள் தலையை அமுக்கிக்கொண்டு கேட்பது போல, எழுத்தின் ஓரமெல்லாம் கரைந்து, தகரம் தகரமாக அதிர்ந்தது.

"கீழத்தெருவில் வசித்து வரும்... வரும்... வரும்... வரும்..."

சிக்கிக்கொண்டது. அவர்கள் வீடும் கீழத்தெருதான்.

"வாப்பா, மவுத்து சொல்றாங்க," என்றாள் இஃப்ரா.

முதல் தடவையாக வாப்பா என்றாள். சந்தோஷப்படக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. கண்ணாடியில் பார்த்தான். ஈரத்தலையில் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளுடைய உம்மா மாஷிதாவைப் போலவே காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

ஊரில் அப்படித்தான். பள்ளிவாசல் ஸ்பீக்கரில் சாவு சொல்கிற அந்த முதல் வார்த்தை விழுந்ததும் மிக்ஸி நிற்கும், குழாயை மூடுவார்கள், சண்டை போடுகிறவர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். இன்ன தெரு, இன்னாரின் பேரன், இன்னாரின் மகன் என்று ஒவ்வொரு உறவாகச் சொல்லி, பேரைக் கடைசியில்தான் சொல்வார் மோதினார். பேர் வர்ற வரைக்கும் யாரும் சாகவில்லை. யார் வேண்டுமானாலும் செத்திருக்கலாம். அந்த ஊரில் பிறந்த ஒருத்தனாலும் அதைப் பாதியில் நிறுத்த முடியாது. பாட்டு டிஸ்க்கில் இது எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டியவன், டிஸ்க்கை வெளியே எடுக்க வேண்டியவன், பேர் தெரிய வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டி வைத்து முதலிலிருந்து ஓடவிட்டான்.

"கீழத்தெருவில் வசித்து வரும், ஹமீது சுல்தான் அவர்களின் பேத்தியும்... பேத்தியும்... பேத்தியும்..."

ஹமீது சுல்தான் அவனுடைய வாப்பா. காலையில் வாசலில் நின்று கையசைத்து அனுப்பியவர். அவருக்குப் பேத்திகள் இரண்டே பேர். தங்கச்சி ஹாஃபிஸாவின் மகள் சூஃபியா, அப்புறம் இவள்.

மாஷிதாவுக்குப் போன் போட்டான். ஊர் டவர் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கத்து டவர் எடுத்து, இலங்கைக்கு நல்வரவு என்று செய்தி வந்து விழுந்தது. திரும்பப் போட்டான். திரும்பவும் நல்வரவு. போனை சீட்டில் விட்டெறிந்தான்.

சூஃபியாவாக இருக்கட்டும் என்று மனசு சொன்னது.

சீ, என்ன மனுசன் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டான். நேற்று ராத்திரி அவன் மடியில் உட்கார்ந்து சோறு தின்ற பிள்ளை அது. ஆனால் நினைப்பு போகவில்லை. சூஃபியாவாக இருக்கட்டும். யா அல்லாஹ், அவளாகவே இருக்கட்டும்.

காரைக் கிளப்பினான். ரோட்டில் ஏறிக் கிடந்த மணலில் டயர் வழுக்கி வழுக்கி ஓடியது. ஏசியிலிருந்து குளிர் வரவில்லை, அழுகின பாசி நாற்றம்தான் வந்தது. எஜெக்ட் பட்டனை அமுக்கினான். டிஸ்க் வரவில்லை. பவரை அமுக்கினான். அணையவில்லை. சத்தத்தைக் குறைத்தான். எண் குறைந்தது, குரல் குறையவில்லை. அது தானாகவே முதலிலிருந்து ஆரம்பித்தது.

"நிறுத்தித் தொலை," என்று கத்தினான்.

"சத்தம் போடாதீங்க வாப்பா," என்றாள் இஃப்ரா மெதுவாக. "பேர் வரப்போகுது."

"...ஹமீது சுல்தான் அவர்களின் பேத்தியும், ஸுஹைர் அவர்களின் மகளுமான... மகளுமான..."

பிரேக்கை மிதித்தான். சாவியைத் திருகிப் பிடுங்கினான். எஞ்சின் நின்றது. விளக்கெல்லாம் அணைந்தது.

"மகளுமான... மகளுமான..."

சாவி முனையை டிஸ்க் வாய்க்குள் விட்டு நெம்பினான். பிளாஸ்டிக் உடைந்தது. நகம் பெயர்ந்தது. ரத்தத்தில் விரல் வழுக்கியது. நெம்பினான்.

டிஸ்க் வந்துவிட்டது.

அமைதி. வெளியே இரண்டு கடலும் இரைகிற சத்தம் மட்டும். டிஸ்க்கை இரண்டாக உடைத்து, கதவைத் திறந்து வெளியே எறிந்தான். மூச்சை விட்டான். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. நாளைக்கே இந்தப் பொட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும். பிள்ளைக்கு என்ன பாட்டு வேண்டுமோ அத்தனையும் போடலாம்.

"மகளுமான."

பின்சீட்டிலிருந்து வந்தது.

திரும்பினான். இஃப்ரா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண் அவனைப் பார்க்கவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. ஒரே அளவாக. ஒரே இடைவெளியில்.

"மகளுமான... மகளுமான... மகளுமான..."

மோதினாரின் குரல். தண்ணிக்குள்ளிருந்து வருகிற தகரக் குரல்.

"இஃப்ரா. வேணாம்மா. வாப்பாவைப் பாரு."

குரல் சிக்கலிலிருந்து விடுபட்டது. மூச்சு வாங்கியது. பேரைச் சொல்வதற்கு முன்னால் மோதினார் எப்போதும் இழுக்கிற அந்த நீண்ட மூச்சு.

முன்சீட்டைத் தாண்டிப் பாய்ந்தான். வாயைப் பொத்தினான். சின்ன முகம் அது. பெரிய கை. முழுசாக மூடிக்கொண்டது. உள்ளங்கைக்குள் உதடுகள் துடித்தன. இன்னும் அழுத்தினான். துப்பட்டா நழுவியது. சின்ன விரல்கள் அவன் மணிக்கட்டைப் பிறாண்டின. விடவில்லை. பேர் வரக் கூடாது. வராத வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இருட்டிவிட்டது.

பிறாண்டுவது நின்றது. உதடுகளும் நின்றன. ஒரு சத்தமும் இல்லை. ஸுஹைர் கையை எடுக்கவில்லை. எடுத்தால் பேர் வந்துவிடும்.