மூத்தவள் பார்த்து வைத்த இடம்

மூடிக் கிடந்த அந்தப் பழைய ஆஸ்பத்திரியின் வாசலில் அவள் வேனை நிறுத்தியபோது மணி மூன்று. மழை வரப்போவதுபோல் வானம் இருண்டிருந்ததே தவிர ஒரு சொட்டு விழவில்லை. பின்சீட்டில் டிஷ் ஆன்டெனா, கேபிள் சுருள், கருவிப் பை, பாதுகாப்புப் பெல்ட் எல்லாம் இருந்தன. ஒருமுறை கண்ணால் சரிபார்த்துக்கொண்டு ஹாரன் அடித்தாள்.

காவல்காரர் சாவிக்கொத்தோடு வந்தார்.

"தனியாவா வந்தீங்க?"

"ஏன், வரக் கூடாதா?"

"இல்ல, போன தடவை வந்த அம்மாவும் தனியாத்தான் மேல போனாங்க..." சொல்லும்போதே, யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு கேட்டைத் திறந்தார்.

அந்த அம்மா இவளுடைய கணவரின் முதல் மனைவி.

ஊரில் எல்லோரும் அந்தக் கணவரை நெட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய கம்பெனிகளின் கேபிள் எட்டிப் பார்க்காத தெருக்களுக்கு, வீட்டு மாடியில் ஒரு டவரை நட்டு, காற்று வழியாக இன்டர்நெட் கொடுக்கும் சின்னத் தொழில் அவருடையது. அதை அவரோடு சேர்ந்து ஆரம்பித்தவள் மூத்தவள். மேட்டின் மேல் தனியாக நிற்கும் இந்த ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். இதன் மொட்டைமாடியில் ஒரு டிஷ் வைத்தால் பின்பக்கத்து மூன்று ஊர்களுக்கும் லைன் கொடுத்துவிடலாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கம்பத்தை நட்டு, டிஷ்ஷை மாட்டி, திசை பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவர் ஆபீசில் உட்கார்ந்து வாக்கி டாக்கியில் சிக்னல் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். எண் குறையக் குறைய சிக்னல் நல்லது. மைனஸ் அறுபத்தொன்று வரைக்கும் வந்தது.

அதற்குப் பிறகு மேலே இருந்து பதில் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவர் இளையவளான இவளைக் கட்டிக்கொண்டார். அவள் ஆறே மாதத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டது தொழில் மேல் இருந்த ஆசையால் அல்ல, வீம்பால். ஆனாலும் வாடிக்கையாளர்கள், "பழைய அக்கா வந்தா அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடுவாங்க" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். ஆபீசில் போன் எடுக்கும் நாத்தனாருக்கு அண்ணி என்றால் செத்துப்போனவள்தான். உயிரோடு இருப்பவள் வெறும் "இவங்க." ஆபீஸ் சுவரில் ஹெல்மெட் போட்டுச் சிரிக்கும் மூத்தவளின் படத்தை இளையவளே தினமும் துடைப்பாள். துடைக்கும்போதெல்லாம் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிடலாமா என்று கை பரபரக்கும்.

ஆஸ்பத்திரி மாடியில் மறுபடி டிஷ் வைக்கலாம் என்று அவள் கேட்டபோது அவர் மறுத்தார்.

"அந்த இடம் மட்டும் வேண்டாம்."

"ஏன், அந்த மாடியை அவங்க பேருக்கு எழுதி வச்சுட்டீங்களா?"

இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, "நீ போ. நான் இங்க இருந்து எண்ணு சொல்றேன். அந்த மாடிக்கு நான் வர மாட்டேன். என்ன ஆனாலும்" என்றார்.

மற்றதை அவள் மறந்துவிட்டாள். "என்ன ஆனாலும்" என்ற சொல் மட்டும் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

மாடிக்குப் போகும் படி, இரண்டாம் தளத்துப் பெரிய வார்டைத் தாண்டி இருந்தது. இரும்புக் கட்டில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். சுவரில் படுக்கை எண்கள் மட்டும் மங்காமல் இருந்தன. ஈரச் சுண்ணாம்பும் துருவும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. டிஷ்ஷைத் தோளில் சுமந்துகொண்டு ஏறினாள்.

மொட்டைமாடியில் காற்றே இல்லை. நடுவில் அந்தக் கம்பம்; பழைய டிஷ்ஷை அப்போதே ஆள் விட்டுக் கழற்றியிருந்தார்கள். ஐந்து வருஷ மழையில் நின்ற கம்பத்தில் ஒரு பொட்டுத் துரு இல்லை. இடது பக்கம் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரத்துக்கு உடைந்து கிடந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் பெல்ட்டின் நீளக் கயிற்றுக் கொக்கியைக் கம்பத்தில் மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

டிஷ்ஷைப் பொருத்தி, கேபிளைச் சொருகிவிட்டு, மழைநீர் இறங்காமல் பூசும் பசைக் குழாயை எடுக்கக் குனிந்தாள். காடி புளித்தது போன்ற வாசனை குப்பென்று வந்தது. அந்தப் பசையின் வாசனைதான். ஆனால் குழாயின் மூடியை அவள் இன்னும் திறக்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். கேபிள் முனையில் பசை பூசியிருந்தது. ஈரமாக. விரலால் வழித்துவிட்ட தடத்தோடு.

நாமேதான் பூசிவிட்டு மறந்துபோனோம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"ஏங்க, மாட்டியாச்சு. சொல்லுங்க."

"எண்பத்து ரெண்டு," என்றார் அவர். "கொஞ்சம் வலது... எழுபத்தெட்டு. மெதுவா."

கரகரவென்று இரைச்சல் வந்து அடங்கியது. பிறகு ஒரு பெண்குரல் சொன்னது.

"எழுபத்து மூணு. இடது பக்கம்."

நாத்தனார் வாங்கிக்கொண்டாள்போல. அதற்கும் அவளுக்கு எரிச்சல்தான். என்னோடு பேசக்கூட முடியாமல் எழுந்து போய்விட்டாரா? டிஷ்ஷை இடது பக்கம் திருப்பினாள்.

"எழுபது. இன்னும் இடது... அறுபத்தேழு. நல்லாப் பண்றியே. யாரு சொல்லிக் குடுத்தா?"

"உங்க அண்ணன்தான்."

"அவருக்குச் சொல்லிக் குடுத்தது நான்."

அப்போதுதான் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. அவர்.

"என்னாச்சு உனக்கு? பத்து நிமிஷமா வாக்கில கத்திட்டிருக்கேன், பதிலே இல்ல."

"உங்க தங்கச்சிதான் எண்ணு சொல்லிட்டிருக்காளே."

"அவ இன்னைக்கு வரவே இல்லம்மா."

அவள் கையிலிருந்த வாக்கி டாக்கியைப் பார்த்தாள். அதன் சிவப்பு விளக்கு எரியவில்லை.

"அறுபத்து நாலு," என்றது அது.

போனில் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். நாற்காலி பின்னால் நகரும் சத்தம் வந்தது. பிறகு, "எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு எறங்கி வா. இப்பவே" என்றார்.

இறங்கியிருக்கலாம். கொக்கியைக் கழற்றினால் கதவு பத்தடி தூரம். கொக்கியில் கையும் வைத்துவிட்டாள்.

"தங்கச்சி," என்றது குரல், ரொம்ப மெல்ல. "நான் விழுந்தப்போகூட அவர் மேல வரல தெரியுமா? கீழதான் வந்தார். அஞ்சு வருஷமா இங்கயே நிக்கறேன், ஒருநாள் படி ஏறல. உனக்காக வருவாரா?"

அவள் கை கொக்கியிலேயே நின்றது.

"உனக்கும் தெரிஞ்சுக்கணும்தானே?"

பயந்தது நிஜம். ஆனால் அந்தக் கேள்வி போய்த் தைத்த இடத்தில் பயம் இல்லை. மூன்று வருஷமாகப் புகைந்துகொண்டிருந்த வேறொன்று இருந்தது.

"ஏங்க," என்றாள் போனில். "கால் மாட்டிக்கிச்சு. என்னால எறங்க முடியாது. நீங்க வாங்க."

லைன் அறுந்தது.

ஆபீசிலிருந்து பைக்கில் வர இருபது நிமிஷம் ஆகும். கொக்கியைக் கழற்றாமல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். வாக்கி டாக்கி எண் எதுவும் சொல்லவில்லை. அதிலிருந்து மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரே ஆளுக்காக இரண்டு பெண்கள் அந்த மாடியில் காத்திருந்தார்கள்.

கீழே பைக் வந்து நின்றது. வார்டில் ஓடிவரும் செருப்புச் சத்தம்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வந்துவிட்டார். என்ன ஆனாலும் வர மாட்டேன் என்றவர், எனக்காக வந்துவிட்டார்.

"பாத்தீங்களா?" என்றாள் வாக்கியிடம், அடக்க முடியாமல்.

"பாத்தேன்."

குரல் வாக்கியிலிருந்து வரவில்லை. இடது தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

கதவு திறந்தது. வேர்த்து விறுவிறுத்து அவர் நின்றார். அவள் "ஏங்க" என்றாள். அவர் காதில் விழவில்லை. அவர் பார்வை அவளைத் தாண்டி, இடிந்த சுவர்ப்பக்கம் போய் நிலைத்தது. முகம் இளகியது. கல்யாணமான இந்த மூன்று வருஷத்தில் அந்த முகத்தை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

"வந்துட்டேன்," என்றார் அவர். அவளிடம் அல்ல.

ஒரு அடி வைத்தார்.

"அறுபத்து மூணு."

இன்னொரு அடி.

"அறுபத்து ரெண்டு."

கூப்பிட்டு வரவழைத்தது தான்தான் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் அந்தக் குரலால் ஆகாததை, இவள் ஒரு பொய் சொல்லி முடித்துக் கொடுத்திருக்கிறாள்.

பாய்ந்தாள். சுவரின்மேல் அவர் ஒரு காலை வைத்தபோது பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப்பிடித்தாள். இருவரும் முன்னால் சரிந்தார்கள். பெல்ட் கயிறு விண்ணென்று இழுபட்டு அவள் வயிற்றை அறுத்தது. ஐஸ்கட்டிபோல் ஏதோ ஒன்று அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. பொறுமையாக, முடிச்சு அவிழ்ப்பதுபோல்.

"அக்கா!"

செத்தவளை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அக்கா, விட்டுடுங்க. நீங்கதான் பெரியவங்க. நீங்கதான் முதல்ல. நான் ஒத்துக்கறேன். இவரை மட்டும் விட்டுடுங்க!"

விரல் பிரிவது நின்றது.

காற்று எங்கிருந்தோ வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. அவர் அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல் விம்மினார்.

"நான்தான் சொன்னேன். அன்னைக்கு, இன்னும் கொஞ்சம் இடதுன்னு நான்தான் சொன்னேன்."

டிஷ்ஷைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கினார்கள். ஆபீசுக்கு வந்து பார்த்தபோது திரையில் மைனஸ் ஐம்பத்திரண்டு என்று காட்டியது. அவ்வளவு நல்ல சிக்னல் அவர்கள் தொழிலில் அதுவரை கிடைத்ததில்லை. திருகாணிகளை முடுக்கியது யார் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வாரமே மூன்று ஊர்களுக்கும் லைன் போனது.

அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். கூப்பிட்டால் வருகிற மனிதர் என்று தெரிந்துவிட்டது. அவரும் முன்பைவிட அன்பாக இருந்தார். தூங்கும்போது மட்டும் கட்டிலின் விளிம்புக்கே நகர்ந்துவிடுவார். உடம்பு சூடு தாங்கவில்லையாம்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு விடியற்காலை, ஜன்னல் வெளுத்துக்கொண்டு வரும்போது அவளுக்கு விழிப்பு வந்தது. இருவருக்கும் நடுவில் கை வைத்தாள். மெத்தை ஒரு ஆள் அளவுக்குப் பள்ளமாகக் கிடந்தது. சூடாக இருந்தது.

அவள் போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அது திரும்ப அந்தப் பக்கம் இழுபட்டது.

அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார், இரண்டு கைகளையும் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு.