சாயம் கலக்காத மருந்து

காலை ஏழு மணி. மஹய்யாவ வீட்டில், சாமிப் படத்துக்கு முன்னால் அழகம்மா விழுந்து கிடந்தாள். உதடும் இமைகளும் வீங்கி, மூச்சு விசில் போல இழுத்தது. மகள் நிரோஷினி அவளை அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மருமகன் பிரதீஸ் வீட்டைப் பூட்டிவிட்டு, மருந்து கலந்ததில்தான் பிழை என்று சொல்லப் போத்தலோடு பொலிஸுக்குப் போனான். பத்து மணிக்குள் கண்டி டவுனில் அந்த மருந்தைக் கலந்து கொடுத்த ரபீகாவின் பார்மசி பூட்டப்பட்டு, வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

முறைப்பாட்டில் இருந்த பெயரைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் கஜேந்திரன் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

அழகம்மாக்கா! முப்பது வருடம் ஊர் ஊராக மாற்றலாகி, போன மாதம்தான் பிறந்த இடத்துக்கே வேலைக்கு வந்திருந்தார் அவர். வந்ததும் பார்க்கப் போகவேண்டும் என்று நினைத்த முதல் ஆள் அவள்தான். சின்ன வயதில் அவர்கள் இருந்த வரிசை வீடுகளின் பிள்ளைகளையெல்லாம் பெரஹரா ஊர்வலம் பார்க்கக் கூட்டிப்போவது அவள். யானை வரும் முன்பே குளக்கரையில் இடம் பிடித்துவிடுவாள். எல்லோருக்கும் ஐஸ்பழம் வாங்கித் தருவாள். மஞ்சள், சிவப்பு, பச்சை என்று நாக்கை நீட்டி நீட்டிப் பிள்ளைகள் நிறம் காட்டுவார்கள். அவள் மட்டும் வாயில் வைக்கமாட்டாள். ஒருமுறை கஜேந்திரன் அடம்பிடித்து ஒரு கடி கடிக்கவைத்தார். வீடு திரும்பும் முன்பே அவள் உதடு தடித்துப்போனது. "எனக்கு அந்தக் கலர் ஒத்துக்காது தம்பி" என்று சிரித்தாளே தவிர, யாரையும் குறை சொல்லவில்லை.

இப்போது ஆஸ்பத்திரி டொக்டர் தொலைபேசியில் சொன்னதும் அதைத்தான். "சாயம் உள்ளே போயிருக்கு. கொஞ்சம் பிந்தியிருந்தா ஆள் இல்லை. இனித்தான் பார்க்கணும்."

ரபீகா எதிரே உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது. கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னாள்.

"அவங்களுக்கு என்ன மருந்து?"

"வலிப்பு மருந்து சேர். கம்பனி செய்ற பாணி மருந்துல மஞ்சச் சாயம் ஈக்குது. முழுங்குற குளிசையிலயும் சாயந்தான். மருந்து எல்லாருக்கும் ஒண்டுதான், அதோட சேர்க்கிற சாமான்தான் சில பேருக்கு விஷம். அதனால மருந்த மட்டும் எடுத்து, சாயம் வாசம் ஒண்டும் இல்லாம வெறும் சீனிப்பாகுல நான் கலந்து குடுக்கிறன்."

"கை தவறியிருக்கலாமே?"

"என்ட கடையில மஞ்சச் சாயமே இல்ல சேர். தேடிப் பாருங்க."

"கடைசியா யார் வாங்கிப் போனது?"

"மருமகன். முந்தாநாள். கழுத்து வரைக்கும் நிரப்பித்தான் குடுத்தேன்."

பிரதீஸ் கொண்டுவந்த பழுப்புநிறப் போத்தல் மேசையில் இருந்தது. கஜேந்திரன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மருந்து கழுத்து மட்டத்தில் நின்றது. வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டார். தண்ணீர் போல நிறமே இல்லை. அவர் தொப்பியை எடுத்தார்.

மஹய்யாவ சுரங்கப் பாதையைத் தாண்டும்போது ஜீப்பை மெதுவாகப் போகச் சொன்னார். உள்ளே நின்று கத்தினால் எதிரொலி வரும் என்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தொண்டை கிழியக் கத்திய இடம். அழகம்மாக்காதான் காதைப் பிடித்து இழுத்துப்போவாள். இன்றைக்குத் திட்டுவதற்கு அவளுக்கு மூச்சு இருக்கிறதா என்று நினைத்ததும் ஜீப்பை விரட்டச் சொன்னார்.

வீட்டில் பிரதீஸ் இருந்தான். அம்மாவுக்கு உடுப்பு எடுக்க நிரோஷினியும் வந்திருந்தாள்.

"அம்மா மருந்தை எங்க வச்சுக் குடிப்பாங்க?"

"சாமியறையில சேர்" என்றாள் நிரோஷினி. "கும்பிட்டுட்டு, எவர்சில்வர் கரண்டியில ஊத்திக் குடிப்பாங்க. பழைய போத்தல் நேத்தோட முடிஞ்சது. இன்னிக்குத்தான் புதுசு."

சாமியறைக்கு ஜன்னல் இல்லை. ஒரு சின்ன மஞ்சள் பல்பு மட்டும் எரிந்தது. கஜேந்திரன் பின்வாசலுக்குப் போனார். கொடியில் ஒரே ஒரு வெள்ளைத் துவாய், இன்னும் ஈரம் காயாமல் தொங்கியது. ஓரத்தில் வெளிறிய மஞ்சள் கறை.

"இது யாருடையது?"

"அம்மா தோள்ல போடுறது" என்றாள் நிரோஷினி. "காலையில கூடப் போட்டிருந்தாங்க."

"மஞ்சத்தூள் சேர்" என்று பிரதீஸ் குறுக்கிட்டான். "நேத்து அத்தை மீன் கழுவுறப்ப பட்டது. அதான் அலசிப் போட்டேன்."

"நிரோஷினி, கொஞ்சம் மஞ்சத்தூளும் சவர்க்காரமும் கொண்டு வாம்மா."

கறைக்குப் பக்கத்தில் மஞ்சளை ஈரத்தோடு தேய்த்தார். இரண்டின் மேலும் சவர்க்காரத்தை அழுத்தி இழுத்தார். புதிதாகத் தேய்த்த மஞ்சள் சட்டென்று குங்குமம் போலச் சிவந்தது. பழைய கறை மட்டும் மஞ்சளாகவே நின்றது.

நிரோஷினிக்கு உடனே புரிந்தது. எத்தனை தடவை துணி துவைத்தவள் அவள்!

"மஞ்சள்னா சவர்க்காரம் பட்டதும் சிவக்கும்" என்றார் கஜேந்திரன். "இது சாயம். குடிக்கிறப்ப கரண்டியில இருந்து சிந்தினது. அந்த பல்பு வெளிச்சத்துல அக்காவுக்கு நிறம் தெரிஞ்சிருக்காது. பிரதீஸ், நீங்க பொலிஸுக்குக் கொண்டுவந்த போத்தல் கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருக்கு. அதுல இருந்து அவங்க ஒரு கரண்டியும் எடுக்கல்ல. அப்ப குடிச்சது எந்தப் போத்தல்ல? மாமியாரை அம்புலன்ஸ்ல ஏத்தின கையோட துவாய் துவைச்சது ஏன்?"

பிரதீஸ் கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"கொல்ல நினைக்கல சேர்... சத்தியமா. அந்தப் போத்தல ஒளிச்சு, கடை மேல முறைப்பாடு குடுத்தது பயத்துல. கல்யாண வீட்டுல ஒரு வாய் கேசரி சாப்பிட மாட்டாங்க. பிள்ளை பிறந்தநாளுக்குக் கேக் வாங்க விடமாட்டாங்க. எல்லாம் மனசுல இருக்கிற பயந்தான்னு நெனச்சேன். வேற கடையில அதே மருந்தோட கம்பனிப் பாணி வாங்கி, பழைய காலிப் போத்தல்ல ஊத்தி வச்சேன். ஒரு வாரம் ஒண்ணும் ஆகாமக் குடிச்சாங்கன்னா, பாத்தீங்களா அத்தைன்னு காட்டலாம்னு..."

"காட்டியாச்சே" என்றாள் நிரோஷினி. அம்மாவின் உடுப்பை எடுத்துக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

மாலை நான்கு மணிக்கு அழகம்மா கண் விழித்தாள். காக்கிச் சட்டையைப் பார்த்து முதலில் மிரண்டவள், முகத்தைப் பார்த்ததும், "கஜே தம்பியா? முடியெல்லாம் எங்கடா போச்சு?" என்றாள். கஜேந்திரன் கட்டிலருகே உட்கார்ந்தார். நடந்ததை மெல்லச் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு வெளியே பொலிஸ்காரரோடு நின்ற பிரதீஸை உள்ளே விடச் சொன்னாள்.

அவன் கட்டில் ஓரம் நின்று அழுதான்.

"மாப்பிள்ளை, நம்பாதது நீங்க மட்டும் இல்ல. என் புருஷனும் நம்பல்ல. சின்ன வயசுல எங்க அம்மாவே நடிக்கிறேன்னு அடிச்சிருக்காங்க. அதெல்லாம் எனக்குப் பழகிருச்சு." மூச்சு வாங்க நிறுத்தினாள். "ஆனா ரபீகா நம்பினா. நான் சொன்னத உட்கார்ந்து கேட்ட ஒரே ஆள் அவதான். அவ தலையில தூக்கிப் போட்டீங்களே, அது எப்படி மனசு வந்துச்சு?"

அவள் கஜேந்திரன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோறதுக்கு முன்ன அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போ. காலையில கூடின சனத்துக்கெல்லாம் கேக்குற மாதிரி சொல்லட்டும்."

சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று கஜேந்திரன் யோசிக்கவில்லை. அக்கா சொன்னால் சின்ன வயதிலும் மறுத்ததில்லை.

கடைத்தெருவில் பள்ளிவாசல் பாங்கு ஓய்ந்த நேரம். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று பிரதீஸ் தான் செய்ததைச் சொன்னான். முதலில் யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா" என்றார் கஜேந்திரன். இரண்டாம் தடவை தெரு முழுவதும் கேட்டது. காலையில் கூச்சல் போட்டவர்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்கள்.

ஸ்டேஷனிலிருந்து கூடவந்த ரபீகாவிடம் கஜேந்திரன் பூட்டின் திறப்பை நீட்டினார். அவள் அதை வாங்கிக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, கைகளைக் கழுவினாள். அதற்குள் கடுகண்ணாவையிலிருந்து வந்த தகப்பன் ஒருவர், பால்மா ஒத்துக்கொள்ளாத தன் பிள்ளைக்கு டொக்டர் எழுதிய மருந்துத் துண்டை நீட்டிக்கொண்டு படியேறினார். காலையிலிருந்து பஸ் தரிப்பிடத்தில் காத்திருந்தாராம்.

"பூட்டிட்டாங்கன்னு சொன்னாங்க தங்கச்சி. ஆனா உங்கள விட்டா எனக்கு வேற எங்க போறதுன்னு தெரியல."

ரபீகா துண்டை வாங்கி வாசித்தாள். அப்போதுதான் அவள் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"இரிங்க நானா" என்று அந்த அண்ணனுக்குக் கதிரையைக் காட்டினாள். "கலந்து தாறன்."