முதுகுக்குப் பின்னால் காற்று

ஜப்பானின் ஷிரசே துறைமுகத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தது ஜூன் மாதத்து முற்பகல் ஒன்றில். இருபது பாக்கெட் நூடுல்ஸ், ஒரு கேன் டீசல், குராமோச்சியின் தன்னம்பிக்கை. மூன்றில் கடைசியானது மட்டும் தேவைக்கு மேல் இருந்தது.

குராமோச்சி எங்கள் கல்லூரிப் பாய்மரப் படகுச் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் மொத்தமே அவரும் நானும்தான். ஆகவே நான் பொதுக்குழு. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வளைகுடாவுக்குள் சுற்றியிருந்தோம். அதில் நான்கு வாந்தியில் முடிந்தன. இப்போது தெற்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிச்சிஜிமா தீவுக்குக் கிளம்புகிறோம். படகில் கரையோடு பேசும் வானொலிக் கருவி இல்லை. அதற்கு உரிமத் தேர்வு எழுத வேண்டும். தலைவர் கொள்கையளவில் தேர்வுகளுக்கு எதிரானவர்.

பக்கத்துப் படகில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒகினோ அக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். புருஷனும் பெண்டாட்டியுமாக இருபது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர்கள்.

"சிச்சிஜிமாவா? கப்பல் போகுதேடா. டிக்கெட் வாங்கிட்டுப் படுத்துக்கிட்டே போங்க."

"இது சாகசம்க்கா," என்றார் தலைவர்.

"சரி, நீங்க பண்றது சாகசம். உங்களைத் தேடிக்கிட்டு நாங்க வருவோம் பாரு, அதுக்கு என்ன பேருடா?"

போனில் எடுத்துவந்த பயண வீடியோவில் தலைவர் அதைச் சேர்க்கவில்லை.

அப்போது ஓர் அம்மா படகு படகாகத் துண்டுச்சீட்டு கொடுத்தபடி வந்தார். சீட்டில் எங்கள் வயதுப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். செகாவா ரியோஹெய். ஏப்ரலில் இதே கரையிலிருந்து தனியாக ஹவாய்க்குக் கிளம்பியவன். படகு கிடைத்தது; அவன் கிடைக்கவில்லை.

"சிவப்பு லைஃப் ஜாக்கெட் தம்பி. தோள்ல வெள்ளைப் பட்டை, நான்தான் தைச்சேன். எப்படி இருந்தாலும் பரவாயில்லை. கண்டா கூட்டிட்டு மட்டும் வந்துடுங்க."

இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டு அடுத்த படகுக்குப் போனார். நான் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

ஒகினோ அக்கா குரலைத் தாழ்த்தினார். "கடல்ல பொணத்தைப் பார்த்தா தாண்டிப் போகக் கூடாதுடா. ஒருத்தன், 'மீன் தருவியா'ன்னு அதுகிட்ட கேக்கணும். இன்னொருத்தன் பொணத்துக்குப் பதிலா, 'தர்றேன்'னு சொல்லணும். சொன்னதும் தூக்கிப் படகுல ஏத்திக் கரைக்குக் கொண்டு வந்துடணும். அது சொன்ன வாக்கைக் காப்பாத்தும். ஒரு தடவைகூட எங்களை ஏமாத்துனதில்ல. நாமளும் ஏமாத்தக் கூடாது."

இரண்டாம் நாள் முற்பகல் பத்து மணிக்குக் காற்று நின்றது.

பாய் துவைத்துப் போட்ட துணியாகத் தொங்கியது. கரையை விட்டு வெளியேறவே பாதி டீசலைக் குடித்திருந்த எஞ்சினைத் தலைவர் தொட விடவில்லை. கடல் எண்ணெய் தடவியதுபோல் அசையாமல் கிடந்தது. வெயில் மட்டும் வேலை செய்தது.

முதலில் வாடை வந்தது. பிறகு அது.

சிவப்பு ஜாக்கெட். குப்புற. தலைமுடி மட்டும் தண்ணீரில் விரிந்து விரிந்து மூடிக்கொண்டிருந்தது.

தலைவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். பயத்தை மறைக்கச் சிரிக்கிறவர்கள் உண்டு. இவர் நிஜமாகவே சிரித்தார்.

"ஏம்பா, மீன் எல்லாம் வேண்டாம். காத்து தருவியா?"

வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டேன் நான். கல்லூரி முழுக்க அதற்குத்தான் எனக்குப் பெயர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் சொன்னேன்.

"தர்றேன்."

இருவரும் சிரித்தோம். அது புரண்டது. தோளில் வெள்ளைப் பட்டை தெரிந்தது. தையல் கொஞ்சம் கோணல்.

"தலைவரே, அந்தம்மா பையன். கயிறு எடுங்க."

"எடுத்து? இருக்கறது ஒரே ஒரு கேபின். நாலு நாள் இதுகூடப் படுப்பியா நீ?"

"சொல்லிட்டோம் தலைவரே. நான் சொல்லிட்டேன்."

"தீவுக்குப் போய்ப் போலீஸ்ல சொல்லிக்கலாம் முகாய். எங்கே ஓடிடப் போகுது?"

அந்த நேரத்தில் என் பிடரியில் காற்றுப் பட்டது. வடக்கிலிருந்து, சீராக. பாய் உப்பியது. அவன் சுக்கானைத் திருப்பினான். இந்த இடத்துக்கு மேல் அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நான் இன்னொரு முறை "வேண்டாம்" என்றேன். சுக்கானை மட்டும் பிடுங்கவில்லை. என்மேல் எனக்குள்ள கோபம் அதற்குத்தான்.

காற்று நிற்கவில்லை.

ஏறவில்லை, இறங்கவில்லை, திசை மாறவில்லை. பகலும் இரவும் ஒரே கையால் முதுகில் தள்ளுவதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் பாயை இறக்கினோம். வேகம் குறையவில்லை. படகைத் திருப்பினோம். அது தானாகவே மறுபடி தெற்கு பார்த்தது. எஞ்சினில் மிச்ச டீசலும் தீர்ந்தது.

கேபின் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். உள்ளேயும் பிடரியில் காற்று.

ஐந்தாம் நாள் நண்பகலில் சிச்சிஜிமா தெரிந்தது. பச்சை மலை, வெள்ளைக் கட்டடம், துணி உலர்த்தும் கொடி. நாங்கள் கை அசைத்தோம், கத்தினோம். தீவு இடப்பக்கமாக வந்து, பின்னால் போய், மறைந்தது.

அது மறைந்த இடத்தில், எங்களுக்குப் பின்னால் இருபது அடியில், சிவப்பாக ஏதோ மிதந்தது.

இந்த வேகத்தில் எதுவும் மிதந்து தொடர முடியாது.

தொடர்ந்தது.

"திரும்பிப் பாக்காத," என்றான் குராமோச்சி. "பாக்கலேன்னா ஒண்ணும் இல்ல."

"காத்து எங்கேருந்து வருது தெரியுதா? அங்கேருந்துதான்."

"வாயை மூடுடா. நீதான் 'தர்றேன்'னு சொன்ன."

"ஆமா. நான்தான் சொன்னேன். கேட்டது நீ."

பின்பக்கம் போய் மண்டியிட்டேன். இந்த முறை வேடிக்கைக் குரல் இல்லை. இருந்ததே கொஞ்சம் குரல்தான். "ரியோஹெய். உங்கம்மா கரையில நிக்கறாங்க. கூட்டிட்டுப் போறேன். வர்றியா?"

காற்று நின்றது.

நிசப்தம் காதை அடைத்தது. சிவப்பு நிறம் மெல்ல நகர்ந்து எங்கள் படகின் பக்கவாட்டில் வந்து தட்டியது.

"அதுக்குப் பதிலா நீ சொல்லணும்," என்றேன். "'வர்றேன்'னு ஒரே ஒரு வார்த்தை. சொல்லு."

குராமோச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"வர்றேன்."

தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. கிணற்றுக் குரல். என் வேடிக்கைக் குரல்.

கயிற்றைப் போட்டு இழுத்தேன். ஓர் ஆளின் கனம். கை தோலுரிந்தது. குராமோச்சி உதவிக்கு வரவில்லை. கடைசி இழுப்பில் அது படகுக்குள் விழுந்தது, பலகை அதிர.

வெறும் ஜாக்கெட். கொக்கிகள் எல்லாம் பூட்டியபடி. உள்ளே யாரும் இல்லை.

தூக்கிப் பார்த்தேன். அசைக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு சூரைமீன் படகு எங்களைக் கண்டது. ஜாக்கெட்டை ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

ஷிரசேயில் ஒகினோ அக்கா என் முகத்தைப் பார்த்தார், திட்டவில்லை. அந்த அம்மா ஓடி வந்தார். ஜாக்கெட்டைக் கட்டியிருந்த கயிற்றை நான் அவிழ்ப்பதற்குள் அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஒரே கையால். துண்டு போல லேசாக.

"நனைஞ்சுட்டான்," என்றார்.

குராமோச்சி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. போனை சார்ஜ் போட இடம் தேடிக்கொண்டிருந்தான். அந்தக் கனம் எங்கே இறங்கியது என்று அன்று எனக்குப் புரியவில்லை.

அக்டோபரில் கல்லூரி அரங்கில் அவனுடைய சொற்பொழிவு. தலைப்பு, 'துணிந்தவனுக்குக் கடல் வழிவிடும்'. திரையில் வீடியோ ஓடியது. சிவப்பு வரும் பகுதி மட்டும் இல்லை. அந்த அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. முன்னூறு பேர் கேட்டார்கள். ஏசிக்காக ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

"அடுத்த வருஷம் ஹவாய்," என்றான்.

கைதட்டல். அவன் முடி பின்னாலிருந்து முன்னால் பறந்து கண்ணில் விழுந்தது. ஒதுக்கினான். மறுபடி விழுந்தது. சரிவில் இறங்குகிறவன்போல உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகால் ஊன்றி, மேசையை இரண்டு கையாலும் பற்றியிருந்தான். விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. அவனுடைய குறிப்புத் தாள்கள் ஒவ்வொன்றாக மேசையிலிருந்து எழுந்து அரங்கின் மறுகோடிக்குப் போயின.

எனக்குப் பக்கத்தில் இருந்த பேராசிரியர், "மேடையில என்ன ஒரு பிடிப்பு," என்று பாராட்டினார்.

அன்றைய கனம் அவன் முதுகில்தான் இறங்கியிருந்தது. அவன் கேட்டது காற்று. மீன் அல்ல, மன்னிப்பு அல்ல. கடலில் போனவர்கள் கேட்டதைத் தருகிறார்கள்.

மேசை ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்தது.

அரங்கின் தெற்குக் கதவு, யாரும் தொடாமல், அவனுக்காக விரியத் திறந்தது.