வருவதாகச் சொன்னீர்கள்

கணினித் திரையில் இருந்த அந்தப் பக்கத்தில் கேள்விகள் மட்டுமே இருக்க வேண்டும். பத்து மாதங்களாக, வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றாக, ஒரே வாசகத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். பதில் ஒன்றுகூட இல்லை. நாற்பத்து மூன்றாவது கேள்விக்குக் கீழே, மாலை ஆறு மணி ஐந்து நிமிடத்திற்கு, ஒரு பதில் வந்திருந்தது.

"கெளம்பிட்டேம்மா."

மைதிலி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். வெளியே கார்த்திகை மழை, பெய்வதுமில்லாமல் விடுவதுமில்லாமல், பால்கனிக் கூரையின் தகரத்தில் யாரோ விரல் நுனியால் தட்டிக்கொண்டிருப்பதைப் போல விழுந்துகொண்டிருந்தது. கீழ் வீட்டில் கடுகு வெடிக்கும் வாசனையும், மூன்று நாட்களாகக் காயாமல் கூடத்துக் கொடியில் தொங்கும் துணிகளின் புழுங்கல் நெடியும் ஒன்றோடொன்று கலந்து, வெளியே போக வழியின்றி அறைக்குள்ளேயே நின்றன. அவளுக்குத் தலை வலித்தது. அம்பத்தூரில் பகல் முழுவதும் அலுவலக வேலை. திருமுல்லைவாயிலுக்குத் திரும்பி, இந்த மூன்றாம் மாடி வீட்டின் கதவைத் திறந்ததும் இரண்டாவது வேலை. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது.

பார்வையற்றோருக்குத் தமிழ் எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் ஒரு மென்பொருள் அது. எவருக்கும் தனியுடைமை அன்று. யார் வேண்டுமானாலும் அதன் நிரலைத் திருத்தி அனுப்பலாம். வருகின்ற திருத்தங்களைப் படித்து, ஏற்பதும் தள்ளுவதும் ஒன்பது ஆண்டுகளாக மைதிலியின் தலையில் விழுந்த பொறுப்பு. படிக்கப் படிக்க வந்து குவிந்தன. கடைசியில், தனக்குப் பதிலாக அந்த வேலையைப் பார்க்க ஒரு தானியங்கியை எழுதி, அதற்கு 'வாயிலோன்' என்று பெயரும் வைத்தாள்.

வாயிலோன் செய்யும் பணி எளியது. வந்த திருத்தத்தைச் சோதிக்கும். குறை இருந்தால் திருப்பி அனுப்பும். அனுப்பியவர் மூன்று வாரம் பேசாதிருந்தால், அந்தத் திருத்தத்துக்கென இணையத்தில் திறந்த அவருடைய பக்கத்தை மூடிவிடும். 'முடித்துத் தருகிறேன்', 'நாளை அனுப்புகிறேன்' என்று வாக்களித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர்களுடைய பக்கத்தை மூடாமல், அவர்கள் திரும்பும்வரை, வாரம் ஒரு முறை நினைவூட்ட வேண்டும். வாக்குறுதி எது என்பதைத் தானியங்கி எப்படி அறியும்? மைதிலி ஒரு சொற்பட்டியல் எழுதிக் கொடுத்தாள். அரைத் தூக்கத்தில் எழுதிய அந்தப் பட்டியலில் 'வரேன்' என்ற சொல்லும் இருந்தது. விடைபெற்றுக்கொள்ளும்போது தமிழர் எவரும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஞானசேகரன் அவ்வாறுதான் விடைபெற்றார். ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயில் கண்பார்வையை இழந்த பிறகு, வேப்பம்பட்டில் மகள் வீட்டில் இருந்தபடி, காதால் கேட்டுக் கேட்டே நிரல் எழுதக் கற்றவர். மென்பொருள் ழகரத்தைப் பிழையாக உச்சரிப்பதைத் திருத்தி அனுப்பினார். சோதனைக் கோப்பு இணைக்கப்படவில்லை என்று வாயிலோன் பதினொரு முறை அதைத் திருப்பியது. அந்தப் பதினொன்றில் ஒரு முறைகூட மைதிலி அதைத் திறந்து பார்க்கவில்லை. பொங்கல் கழிந்த வாரத்தில், "முடியலம்மா. வரேன்" என்று எழுதினார். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

மகள் கனிமொழி செய்தி அனுப்பியிருந்தாள். மைதிலி இரங்கல் எழுதினாள். பக்கத்தை மூடிவிட வேண்டும் என்றும் நினைத்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள். வாயிலோன் படுக்கவில்லை. 'வருவதாகச் சொன்னீர்கள். எப்போது வருகிறீர்கள்?' என்று வெள்ளிதோறும் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

திரையில் அடுத்த வரி தோன்றியது.

"திருநின்றவூர் தாண்டியாச்சு. வந்துகினே கீறேன்."

மணி ஆறு பதினொன்று. அந்த நேரத்தில் எந்த ரயில் திருநின்றவூரைத் தாண்டும் என்பது மைதிலிக்கு மனப்பாடம். கணவர் சிவராமன் திருவள்ளூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை முடித்து, ஐந்து ஐம்பதுக்கு ஏறுகின்ற மின்சார ரயில் அது. ஆறரைக்கு இங்கே இறங்குவார். நாளெல்லாம் ஓடி ஓய்ந்த இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கும் அந்த அரைமணி நேரத்திற்காகத்தான் அவள் மிச்ச நேரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கனிமொழியைத் தொலைபேசியில் அழைத்தாள். அப்பாவின் கணினியை யாருக்காவது கொடுத்தார்களா, கடவுச்சொல் வேறு எவருக்காவது தெரியுமா என்று விசாரித்தாள். கணினி அவர் இறந்த அன்றைக்கே பழுதாகிப் பரண்மேல் கிடக்கிறது என்றாள் கனிமொழி. மைதிலி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். கோபமே இல்லாமல், களைத்த குரலில் கனிமொழி சொன்னாள்:

"வாரா வாரம் கூப்டுகினே இருந்தா, யாருதான் வரமாட்டாங்க மேடம்? ஊட்ல நாங்களே ஒருவாட்டிகூட கூப்டலியே."

மைதிலி பக்கத்தைத் தன் கையாலேயே மூடினாள். 'அனுப்பியவர் வருவதாக வாக்களித்துள்ளார்' என்று வாயிலோன் அதை மீண்டும் திறந்தது. இன்னொரு முறை மூடினாள். திறந்தது. அவளே எழுதிய விதி. அவளுக்கே விலக்கு இல்லை.

தொலைபேசி அடித்தது. சிவராமன். சக்கரங்களின் தடதடப்புக்கு மேலே அவர் குரல் உற்சாகமாக இருந்தது.

"மைதிலி, பட்டாபிராம் வந்துட்டேன். இங்க பக்கத்துல ஒரு பெரியவர், பாவம், கண்ணு தெரியல. நம்ம வீட்டுக்குத்தான் வராராம். உன் பேரைச் சொல்றார். மழையில நனைஞ்சிருக்கார் போல, கையெல்லாம் சில்லுன்னு இருக்கு."

"என்னங்க, அவர் கையை விடுங்க. வேற பெட்டிக்கு மாறிடுங்க."

"என்ன பேசற நீ? வயசானவரு. கூட்டிட்டு வரேன்."

இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை.

திரையில் ஒரு வரி. "ஆவடி."

அவ்வளவுதான். ஒற்றைச் சொல்.

ஈரத்துணியின் நெடி இப்போது அறை முழுவதும் இருந்தது; அதனோடு எந்திர எண்ணெயின் நெடியும். துணியில் ஏது எண்ணெய்? அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சொற்பட்டியலைத் திறந்தாள். முடிக்கிறேன். அனுப்புகிறேன். பார்க்கிறேன். வரேன்.

"அண்ணனூர்."

இன்னும் ஒரே நிலையம்.

அந்தச் சொல்லை அழித்தாள். சேமித்தாள்.

ஒரு கணம் எதுவும் நிகழவில்லை. பின்பு ஞானசேகரனின் பக்கம் சாம்பல் நிறமாயிற்று. மூடப்பட்டது. மூடியே இருந்தது. கீழே வாயிலோன், தனக்கே உரிய பணிவோடு, எழுதியது:

'மாற்றம் ஏற்கப்பட்டது. வரேன் என்று சொன்னவர்களுக்காக இனிக் காத்திருக்கப்படாது.'

மைதிலிக்கு அழுகை வந்தது. எண்ணெய் நெடி இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, காப்பிக்குப் பாலை அடுப்பில் ஏற்றலாமா என்று ஒரு கணம் எண்ணியவள், சிவராமன் இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று பால்கனிக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தால் எதிரே ரயில் நிலையத்தின் நடைமேடை முழுவதும் தெரியும்.

ரயில் வந்தது. ஜன்னல்களின் மஞ்சள் வெளிச்சம் நனைந்த தரையில் நீண்டு விழ, மெல்ல நின்றது. கீழே தெருவில் குடையோடு சிலர் வாயிற்கதவுகளைத் திறந்துகொண்டு வந்து நின்றார்கள். வெள்ளிக்கிழமை, வீட்டு ஆட்கள் வரும் நேரம்.

யாரும் இறங்கவில்லை.

அவள் கண்களைச் சுருக்கிப் பார்த்தாள். வாசல்தோறும் நெரிசலாக ஆட்கள் நின்றார்கள். காலையில் 'வரேன்' என்று சொல்லிவிட்டுப் போய், இப்போது இறங்குவதற்காக வந்து நின்றவர்கள். ஒவ்வொருவரும் ஒரு காலை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். அந்தக் கால்கள் நடைமேடைக்கு ஒரு சாண் மேலே, அந்தரத்தில், அப்படியே நின்றன. செருப்பு அணிந்த கால்கள். ஷூ அணிந்த கால்கள். மழை அவற்றின்மேல் பெய்தது. ஒன்றும் அசையவில்லை.

மூன்றாவது பெட்டி. சிவராமன்.

தோளில் பை. வலக்கை, எவரோ ஒருவருடைய முழங்கையைத் தாங்கியிருப்பதுபோல் வளைந்திருந்தது. அந்தக் கைக்குள் யாரும் இல்லை. அவர் முகம் இந்தப் பால்கனியைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தது. எல்லா முகங்களும் அவரவர் வீட்டுத் திசையை நோக்கித் திரும்பியிருந்தன. கண்கள் திறந்திருந்தன. இமைகள் மூடவில்லை.

"என்னங்க," என்றாள்.

ரயில் ஊதியது. அம்பத்தூரை நோக்கி மெல்ல நகரத் தொடங்கியது. பெட்டி பெட்டியாக, வாசல் வாசலாக, வெளியே நீண்ட கால்கள் அவளைக் கடந்து சென்றன. ஒரு காலும் உள்ளே போகவில்லை. ஒரு காலும் தரையைத் தொடவில்லை.