இறுக்கமா, தளர்வா?

காலைக் காப்பியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, சவரிராயன் கண்ணைச் சிமிட்டினார். "சர்க்கரை போட்டியா அமலி, இல்ல விரலை விட்டுக் கலக்குனியா?"

"போதும் போங்க" என்று அமலோற்பவம் சிரித்தாள். நேற்றும் இதே கேள்விதான், முந்தாநாளும் இதேதான். பதினோரு வருடமாக அந்த வீட்டில் இப்படித்தான் விடிகிறது. அவள் காய்ச்சலில் முனகிக்கொண்டு காப்பி போட்ட நாளிலும் அதே கேள்வி, அதே சிமிட்டல்.

வெப்பக்காய்ச்சல் வந்துபோன தூத்துக்குடியில் இதற்குப் பொறாமைப்பட ஆள் இருந்தது. அந்தக் காய்ச்சல் மூளையைக் கரையான் மாதிரி அரித்துவிட்டுப் போயிருந்தது. பிழைத்தவர்களுக்குக் காதுக்குப் பின்னால் துணைமூளை வைத்தார்கள். பேச்சு, நடை, மூச்சு, சிரிப்பு எல்லாம் அதில் தனித்தனிப் பொதிகள். பைத்தான் என்ற பழைய நிரல்மொழியில் எழுதப்பட்டவை, ஒன்றை நம்பி இன்னொன்று ஓடுபவை. எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு யார் தலையில் ஓடுகிறது என்று பூட்டுக்கோப்பில் பதிந்து வைக்கும் மென்பொருளுக்குக் கட்டுவான் என்று பெயர்.

வார்டு பொதி நிலையத்தில் கட்டுவானை ஓட்டும் ஷமீலா, அளவெடுக்கும் தையல்காரி மாதிரிதான் கேட்பாள்: "இறுக்கமா, தளர்வா?" இறுக்கம் என்றால், பதிப்பும் மாறாது, ஆளும் மாறமாட்டார். தளர்வு என்றால், புதிய பதிப்பு வரவர ஆளும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவார். எதிர்வீட்டு ரொசாரியோ ஒரு வருடம் மீனைக் கண்டாலே குமட்டுகிறது என்றார். மறுவருடம் பெண்டாட்டியை மேடம் என்று கூப்பிட்டார். "இந்த வருஷம் இவரு பரவால்ல" என்று அவர் பெண்டாட்டி சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினாள். ஊரில் எல்லாரும் தளர்வுதான்.

அமலோற்பவத்துக்கு அந்த வயிற்றெரிச்சல் வேண்டாம். காய்ச்சலுக்குப் பிறகு சவரிராயன் முதன்முதலாகப் பழையபடி சர்க்கரைக் கேள்வியைக் கேட்ட காலையிலேயே அவரை நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். "இறுக்கமாப் போடு. ஒரு புள்ளிகூட மாறக் கூடாது" என்றாள். போனவர் திரும்பி வந்துவிட்டார், இனி விடுவாளா?

அப்படி இருக்கும்போதுதான் ஷமீலா வீடு தேடி வந்தாள்.

"அக்கா, புதுக் கட்டுவான் வந்திருச்சு. பழைய பைத்தானை விட்டுட்டாங்க. நம்ம அண்ணனோட பூட்டு இனி செல்லாது."

"எங்களுக்கு அப்டேட்டே வேண்டாம்மா. உள்ளது உள்ளபடி இருக்கட்டும்."

"பழைய மூச்சுப் பொதியில பழுதுன்னு வாபஸ் வாங்கிட்டாங்கக்கா. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அப்ப மூச்சை மட்டும் மாத்து."

"புது மூச்சுக்குப் புதுப் பைத்தான் வேணும். அண்ணனோட பேச்சு அதுல ஓடாது. எப்படி எப்படியோ கட்டிப் பார்த்துட்டேன், தீர்வு இல்லைன்னே வருது. எல்லாத்தையும் அவுத்துப் புதுசாத்தான் கட்டணும்."

"போயிட்டு வா" என்று அமலோற்பவம் கதவைச் சாத்தினாள். இவளுக்கு என்ன தெரியும், கட்டிக்கொண்டு வாழ்ந்தவளா? ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சோற்றில் கை வைத்தபடியே சவரிராயனுக்கு மூச்சு நின்றது. உதடு நீலம் பாய்ந்தது. அவள் அவர் நெஞ்சில் குத்திக் குத்தித்தான் அது திரும்பி வந்தது. அதற்கு மேல் அவளுக்குத் துணிச்சல் இல்லை.

நிலையத்தில் கட்டி முடிக்க அரை நாள் ஆனது. கண்விழித்த சவரிராயனுக்கு மூச்சு சீராக ஓடியது. அமலோற்பவம் ஃபிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றிக் கொடுத்தாள். இனி இவர் என்னை யாரென்று கேட்பாரோ?

அவர் ஒரு வாய் குடித்தார். "அமலி" என்றார்.

அவள் வாய்விட்டு அழுதாள். போகவில்லை, அவர் எங்கும் போகவில்லை.

"சர்க்கரை தூக்கலா இருக்கு."

"அதனால என்னங்க, குறைச்சுப் போட்டாப் போச்சு" என்று அழுகையோடு சிரித்தாள்.

"இத்தன வருஷமா அதத்தான் சொல்லணும்னு பார்த்தேன்" என்றார் அவர். "காய்ச்சல் விட்டுவச்ச மூளை கொஞ்சம் உள்ள இருந்துச்சு அமலி. அது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே கெடந்துச்சு. வாயத் தொறந்தா மட்டும் அந்தப் பாழாப்போன கேள்விதான் வரும்."

அமலோற்பவம் ஃபிளாஸ்க்கைத் திருகி மூடினாள்.

"அம்மா செத்த மறுநா காலைல அழணும்னு பார்த்தேன். அன்னைக்கும் அதையேதான் கேட்டேன். நீ சிரிச்ச."

அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மனுஷன் உடைந்துபோகாமல் இருக்கிறாரே என்று அன்றைக்கு மாதாவுக்கு நன்றி சொல்லியிருந்தாள். அவள் ஷமீலாவைத் தனியே இழுத்துப்போனாள்.

"இது அவரு பேசுறதா, புதுப் பொதி பேசுறதா?"

"தெரியாதுக்கா. அதப் பிரிச்சுப் பார்க்க வழியில்ல." ஷமீலா குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டுல ஒண்ணைப் பூட்டுக்கோப்புல பதிஞ்சாத்தான் மூச்சு நிக்காது. இறுக்கமா, தளர்வா?"

இறுக்கினால் இந்தக் கோபத்தோடு கடைசிவரை இருப்பார். தளர்த்தினால் அடுத்த பதிப்பில் கோபம் போகலாம். கூடவே அமலி என்ற பெயரும் போகலாம். அவள் திரும்பிப் பார்த்தாள். சவரிராயன் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"மறுபடி பூட்டிராத" என்றார். "உன்னக் கையெடுத்துக் கும்புடுறேன்."

"தளர்வாப் போடு" என்றாள் அமலோற்பவம்.

மறுநாள் காலையில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டாள். அவர் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்று டம்ளரைக் கீழே வைத்தார். கடற்சுவர் தெரியும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். வீட்டில் சத்தமே இல்லை. தாங்கமாட்டாமல் அவளே ஆரம்பித்தாள்.

"சர்க்கரை போட்டேனா, இல்ல விரலை…"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அப்படி ஒரு பயத்தை அவர் முகத்தில் அவள் பார்த்ததே இல்லை. தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அதிலிருந்து அடுத்து என்ன வரப்போகிறதோ என்று அவர் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. கையை எடுத்துவிட்டு மெதுவாக மூச்சு விட்டார்.

அமலோற்பவத்தின் வாய்தான், யாரும் ஒன்றும் கேட்காமலேயே, "போதும் போங்க" என்றது.